அமுக்கக் காற்றுக்கு நீர்க்குழாய் ஆகாது

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் எனச் சந்திக்குச் சந்தி வாகனத் திருத்தகங்களையும் ரயர் ஒட்டும் கடைகளையும் காண்பர். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, நெடுங்கேணி, செட்டிகுளம் போன்ற ஊர்களிலும் இதே காட்சிதான். ரயருக்குக் காற்றடிப்பது, உழவு இயந்திரத்தின் காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குவது, வாகனத்துக்கு வர்ணம் விசிறுவது, சில்லின் இறுகிய நட்டுகளைக் கழற்றுவது ஆகிய யாவற்றுக்கும் கொம்பிரஷர் என நாம் அழைக்கும் காற்றமுக்கி இன்றியமையாததாகி விட்டது. அரிசி ஆலைகளில் பழுதுபட்ட அரிசி மணிகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரமும் அமுக்கக் காற்றினாலேயே இயங்குகின்றது.

இக்கடைகள் பலவற்றில் காற்றமுக்கி ஒரு மூலையில் இருக்கும். அங்கிருந்து வேலை நடைபெறும் இடம்வரை சுவரிலும் கூரை மரத்திலும் குழாய் ஒன்று ஓடும். அந்தக் குழாயைச் சற்று உற்று நோக்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்கிறோம். அது கிணற்று நீரைத் தொட்டிக்கு ஏற்றப் பயன்படும் பி.வி.சி. குழாயாக இருக்குமாயின், அக்கடையில் வேலை செய்வோரின் தலைக்கு மேல் ஓர் ஆபத்து தொங்கிக் கொண்டிருக்கின்றது என்பதே உண்மை. அது ஏன் ஆபத்து, அதற்குப் பதிலாக எதைத் தெரிவு செய்வது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாறு குழாய் பொருத்தியோரை நாம் குறை கூற முற்படவில்லை. இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் திறமை வன்னி மக்களுக்குக் காலம் கற்பித்த பாடம். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோல் இன்றி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்கள். மின்கலம் கிடைக்காத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் அவர்களே. இரும்பும் சீமெந்தும் அனுமதியின்றி வர முடியாதிருந்த நிலத்தில், கைக்குக் கிடைத்த குழாயே குழாயாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் விலையேற்றமும் அந்தப் பழக்கத்தை மீண்டும் உயிர்ப்பித்தன. பி.வி.சி. குழாய் மலிவானது. வாளால் அறுத்துப் பசை தடவினால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்து விடும். ஆனால் சமாளிப்பு வேறு, பாதுகாப்பு வேறு.

நீரும் காற்றும் ஒன்றல்ல

ஒரே அமுக்கத்தில் நீரையும் காற்றையும் அடைத்து வைத்தால் இரண்டும் குழாயின் சுவரை ஒரே அளவு விசையுடனேயே தள்ளுகின்றன. ஆகவே நீரைத் தாங்கும் குழாய் காற்றையும் தாங்கும் என எண்ணுவது இயல்பே. வேறுபாடு குழாய் உடையும் கணத்தில்தான் வெளிப்படுகின்றது.

நீரை எவ்வளவு அமுக்கினாலும் அதன் கனவளவு குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. எனவே குழாய் வெடித்தவுடன் சிறிதளவு நீர் பீறிட்டு அமுக்கம் உடனே அற்றுப் போகின்றது. காற்று அப்படியன்று. அது சுருட்டி அடைத்த வில் போன்றது. வழி கிடைத்ததும் பல மடங்கு விரிந்து, தன்னுள் சேமித்த சக்தி முழுவதையும் ஒரு நொடிக்குள் வெளியே தள்ளுகின்றது.

இதனைக் கணக்கிட்டும் காட்டலாம். 100 லீற்றர் கொள்ளளவுள்ள தாங்கியில் 8 பார் அமுக்கத்தில், அதாவது கடைக்காரர் மொழியில் சுமார் 116 இறாத்தலில், காற்று நிரம்பியிருப்பதாகக் கொள்வோம். அது திடீரென விரியும்போது வெளிப்படக்கூடிய சக்தி ஏறத்தாழ 100 கிலோ யூல் ஆகும். ஆயிரம் கிலோகிராம் எடையைப் பத்து மீற்றர் உயரத்துக்குத் தூக்க இச்சக்தி போதுமானது. அதே தாங்கியில் அதே அமுக்கத்தில் நீர் மட்டும் இருந்தால், அந்த நீரில் சேமிக்கப்படும் சக்தி ஒன்றரைக் கிலோகிராம் பொருளை ஒரு மீற்றர் தூக்குவதற்கே போதுமானது. சுவரில் ஓடும் குழாய் தாங்கியோடு இணைந்திருப்பதால், குழாய் உடையும் இடத்தை நோக்கித் தாங்கியின் காற்றும் பாய்ந்து வருகின்றது என்பதையும் மறந்து விடலாகாது.

குழாயில் அச்சிட்ட எண் சொல்வது என்ன?

பி.வி.சி. குழாயின் மீது 600, 1000 என்றோ பி.என். என்ற எழுத்துக்களுடனோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 1000 என்பது 1000 கிலோ பஸ்கால், அதாவது 10 பார் அல்லது 145 இறாத்தல். "எனது கொம்பிரஷர் 120 இறாத்தலில் நின்று விடும், குழாயோ 145 தாங்கும், பிறகென்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி போலத் தோன்றும் இதில் தவறுகள் பல உள்ளன.

முதலாவது, அந்த எண் நீருக்காகக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 147 தரநிர்ணயம் குளிர்ந்த குடிநீர் விநியோகத்துக்கான பி.வி.சி. குழாய்களுக்கே உரியது. காற்றைப் பற்றிய உத்தரவாதம் எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது, அந்த எண் குளிர்ந்த நிலைக்கு உரியது. பி.வி.சி. குழாயின் தாங்குதிறன் 23 பாகை செல்சியஸில் நூறு வீதம் எனக் கொண்டால், 32 பாகையில் அது சுமார் 75 வீதமாகவும், 38 பாகையில் 62 வீதமாகவும், 43 பாகையில் அரைவாசியாகவும், 49 பாகையில் 40 வீதமாகவும் வீழ்ச்சியடைகின்றது. வன்னியின் சித்திரை, ஆவணி வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஓடும் குழாய் 45 பாகையைத் தொடுவது வியப்பன்று. போதாக்குறைக்கு, காற்றமுக்கியிலிருந்து வெளியேறும் காற்றே சூடானது. எனவே 145 எனப் பொறிக்கப்பட்ட குழாய் நண்பகலில் 70 இறாத்தலுக்கே தகுதியுடையதாகின்றது. அதற்குள் நாம் 120 இறாத்தலை அடைத்து வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, காலம். வெயில் படும் இடத்திலுள்ள பி.வி.சி. நாளடைவில் நொறுங்கும் தன்மையை அடைகின்றது. காற்றமுக்கி இயங்கி நிற்கும்தோறும் அமுக்கம் ஏறி இறங்குவதால் குழாய் களைப்படைகின்றது. காற்றமுக்கிக்கு இடப்படும் சில செயற்கை எண்ணெய்கள் ஆவியாகிக் காற்றோடு கலந்து சென்று பிளாஸ்ரிக்கைத் தாக்குகின்றன. இவை எவையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்து வருடங்கள் ஒன்றும் நடக்கவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல. அந்தக் குழாய் ஐந்து வருடங்கள் பலவீனமடைந்திருக்கின்றது என்பதே அதன் பொருள்.

நான்காவதும் முக்கியமானதுமான விடயம், அது உடையும் விதம். இரும்புக் குழாய் பழுதானால் துருப்பிடித்த இடத்தில் துளை விழுந்து சீறும், அல்லது மரையிடப்பட்ட மூட்டில் கசியும். பி.வி.சி. குழாயோ எச்சரிக்கை தருவதில்லை. மேலிருந்து ஒரு ஸ்பனர் விழுந்து பட்டாலும் போதும். சிறு வெடிப்பு ஒன்று தோன்றி, உள்ளிருக்கும் காற்று தளராமல் தள்ளுவதால் குழாயின் நீளத்துக்கு ஓடுகின்றது. குழாய் கத்திமுனை போன்ற கூரிய துண்டுகளாகச் சிதறுகின்றது.

பிற நாடுகள் கண்ட பாடம்

இது வெறும் ஊகமன்று. ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் தொழிற்சாலை ஒன்றில் அமுக்கக் காற்றைக் கொண்டு சென்ற பி.வி.சி. குழாய் வெடித்து, பறந்து வந்த துண்டு ஊழியர் ஒருவரைக் காயப்படுத்தியது. அதனைத் தொடர்ந்து அந்நாட்டின் தொழிற் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 1988ஆம் ஆண்டு மே மாதம் எச்சரிக்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நிலத்துக்கு மேலே, உறையின்றி ஓடும் பி.வி.சி. குழாய்களில் அமுக்கக் காற்றையோ வேறு வாயுக்களையோ செலுத்தலாகாது என்பதே அதன் சாரம். அதற்கும் முன்னரே, 1972இல், பிளாஸ்ரிக் குழாய் உற்பத்தியாளர்களின் அமைப்பே இவ்வாறான பாவனைக்கு எதிராகப் பரிந்துரைத்திருந்தது. விற்பவரே வேண்டாம் என்று கூறிய ஒரு காரியத்தை அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் நாம் செய்து கொண்டிருக்கிறோம் என்பது சிந்திக்கத்தக்கது.

பறந்து வரும் கூர்த்துண்டு ஒரு மனித உடலை என்ன செய்யும் என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2009இல் முடிவுற்ற யுத்தத்தின் செல் துண்டுகளை உடலில் சுமந்தபடி இன்றும் இங்கு பலர் வாழ்கின்றனர். அந்த நிலத்தில், யுத்தத்தைக் கண்ணால் காணாத ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இப்போது தொழில் பழகத் திருத்தகங்களுக்கு வருகின்றனர். அவர்களில் ஒருவர் ஒரு குழாயின் விலைக்காகக் கண்ணை இழப்பதை எப்படி ஏற்க முடியும்?

எதைத் தெரிவு செய்யலாம்?

எமது பிரதேசத்தின் நிலைமைக்குப் பெரும்பாலான கடைகளுக்கு ஏற்றது ஜீ.ஐ. பைப் என அழைக்கப்படும் நாகப்பூச்சிட்ட இரும்புக் குழாயே. இது சிறு நகர இரும்புக் கடைகளிலும் கிடைக்கும். மரை வெட்டத் தெரிந்தவர்களும் ஊரில் உள்ளனர். இது மெல்லியது, நடுத்தரம், தடித்தது என மூன்று வகைப்படும். பழைய பிரித்தானியத் தரநிர்ணயப்படி மெல்லியதற்கு மண்ணிறம், நடுத்தரத்துக்கு நீலம், தடித்ததற்குச் சிவப்பு என நிறக்கோடுகள் உண்டு. மரை வெட்டும்போது குழாயின் சுவர் மெலிவதால், மெல்லிய வகையைத் தவிர்த்து நடுத்தர வகையை வாங்குவதே நன்று. காலப்போக்கில் நாகப்பூச்சு உரிந்து துகளாக வரலாம் என்பது இதன் குறை. வர்ணம் விசிறும் இடத்துக்கு முன்னால் ஒரு வடிகட்டியைப் பொருத்தினால் இக்குறை பெருமளவு நீங்கும்.

பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாயும் பலமானதே. அமுக்கக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் உட்புறம் துருப்பிடிக்கும் என்பதை மட்டும் கருத்திற் கொள்ள வேண்டும். செம்புக் குழாய் துருப்பிடிக்காது, உட்புறம் வழவழப்பானது, காற்றைத் தூய்மையாகக் கொண்டு செல்லும். ஆனால் விலை அதிகம், மூட்டுகளைப் பற்றவைக்கத் தேர்ந்த கை வேண்டும், பூட்டிய கடையில் திருட்டுப் போகும் அச்சமும் உண்டு. துருப்பிடிக்காத உருக்குக் குழாய் மிகச் சிறந்தது. எனினும் சிறு கடைகளுக்கு அதன் விலை கட்டுப்படியாகாது. அமுக்கக் காற்றுக்கென்றே தயாரிக்கப்படும் அலுமினியக் குழாய்த் தொகுதிகள் இலகுவாகப் பொருத்தவும் இடம் மாற்றவும் கூடியவை. பெரிய ஆலைகளும் புதிதாகக் கட்டப்படும் வாகனச் சேவை நிலையங்களும் இவற்றைப் பரிசீலிக்கலாம்.

கறுப்புப் பொலித்தீன் குழாய், வெந்நீர்க் குழாய் முதலிய ஏனைய பிளாஸ்ரிக்குகளைப் பற்றியும் வினவுவர். இவற்றுட் சில பி.வி.சி. போல் நொறுங்குவதில்லை என்பது மெய். அமுக்கக் காற்றுக்கென விசேடமாகத் தயாரிக்கப்படும் பிளாஸ்ரிக் குழாய்களும் உலகில் உள்ளன. விதி ஒன்றே: அமுக்கக் காற்றுக்கு உரியது என்றும், எந்த வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கம் என்றும் உற்பத்தியாளர் எழுத்தில் உறுதி தந்திருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது.

ஒரு சிறு ஒட்டுக்கடைக்கு நிலையான குழாயே தேவைப்படாமலும் போகலாம். வேலை அமுக்கம் அச்சிடப்பட்ட, நூலிழை வைத்துப் பலப்படுத்திய நல்லதொரு றப்பர் ஹோஸ் ஒன்றே போதும். பூந்தோட்ட ஹோஸும் சமையல் எரிவாயு ஹோஸும் அதற்குப் பதிலாகா. மிகவும் குறைந்த செலவில் பாதுகாப்பைப் பெற விரும்புவோருக்கு இதுவே எமது முதலாவது ஆலோசனை.

பொருத்தும் முறை

நல்ல குழாயையும் தவறாகப் பொருத்தினால் பயன் குறையும். காற்றமுக்கி அதிரும் இயந்திரமாதலால், அதற்கும் நிலையான குழாய்க்கும் இடையில் சூட்டைத் தாங்கும் வளையத்தக்க இணைப்புக் குழாய் ஒன்றை இடுவது அவசியம். தாங்கியின் வாயிலில் ஒரு வால்வு இருக்க வேண்டும். குழாயை ஒழுங்கான இடைவெளிகளில் சுவரோடு இறுகப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது நீர். நிமிடத்துக்கு 200 லீற்றர் காற்றை உள்ளெடுக்கும் சிறு காற்றமுக்கி, 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நாளொன்றில் நான்கு மணித்தியாலம் இயங்கினால் சுமார் ஒரு லீற்றர் நீரைப் பிரித்துத் தரும். மாரி காலத்தில் தாங்கியின் அடிவால்வைத் திறப்பவர்கள் இதனை நன்கு அறிவர். இந்த நீர் தேங்காதிருக்கக் குழாயை நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் அமைத்து, தாழ்ந்த முனையில் வடிகால் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். கிளைக் குழாய்களைப் பிரதான குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கினால் நீர் கருவிகளுக்குள் செல்லாது. தாங்கியின் நீரை ஒவ்வொரு நாளும் வெளியேற்ற வேண்டும்.

பொருத்தி முடித்த குழாய்த் தொகுதியைக் காற்றால் அன்றி நீரால் சோதிக்க வேண்டும். காற்றமுக்கியையும் தாங்கியையும் கழற்றி வைத்துவிட்டு, குழாயில் நீரை நிரப்பி, வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்குக் கைப்பம்பியால் ஏற்றிப் பார்ப்பது வழமை. அப்போது ஒரு மூட்டு விட்டுப்போனாலும் நிலம் நனையுமே தவிர எவரும் காயமடையார். பின்னர் காற்றை ஏற்றி, சவர்க்கார நீர் தடவிக் கசிவுகளைக் கண்டறியலாம்.

இந்தக் கசிவுச் சோதனை மின்கட்டணத்தோடும் தொடர்புடையது. 7 பார் அமுக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் துளையொன்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 லீற்றர் காற்று வீணாகின்றது. மேலே குறிப்பிட்ட சிறு காற்றமுக்கியின் உழைப்பில் மூன்றிலொரு பங்கு இது. மூட்டுகளைச் செம்மையாக அமைத்த இரும்புக் குழாய்க்கு அதிகமாகச் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு திரும்பி வரும்.

ஏற்கனவே பி.வி.சி. குழாய் பொருத்தியிருப்போர் என்ன செய்வது? காற்றமுக்கியை நிறுத்தி, தாங்கியின் வால்வை மூடி, குழாயிலுள்ள காற்றை முற்றாக வெளியேற்றிய பின்னர் அதனைக் கழற்றி விடுவதே தகுந்த வழி. அமுக்கத்தைக் குறைத்துத் தொடர்ந்து பாவிப்பதும், வெடித்த இடத்துக்குப் பசை பூசுவதும், துணி சுற்றுவதும் தீர்வாகா. மாற்றுக் குழாய் வாங்கும்வரை றப்பர் ஹோஸைக் கொண்டு வேலையை நடத்தலாம். கழற்றிய பி.வி.சி. குழாயும் வீணாகாது, வீட்டுத் தோட்டத்துக்கு நீர் இறைக்க உதவும். அது பிறந்ததே அதற்காகத்தான்.

சட்டமும் பொறுப்பும்

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தாங்கிகளின் பாதுகாப்புப் பற்றியும் கூறுகின்றது. பாதுகாப்பு வால்வு, அமுக்கமானி, காலத்துக்குக் காலம் பரிசோதனை ஆகியன அதன் அடிப்படைத் தேவைகள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது காயமடைந்த தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் கடமை தொழில் வழங்குநருக்கு உண்டு. ஆனால் இருவரோ மூவரோ வேலை செய்யும் சந்தியோரக் கடைக்குள் சட்டத்தின் கண் படுவது அரிது. ஆகவே விழிப்புணர்வு வேறு வழிகளில் வர வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும், அதே நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும், வவுனியாத் தொழில்நுட்பக் கல்லூரியும் இவ்விடயத்தில் பெரும் பங்காற்ற முடியும். மாணவர்களைக் கடைகளுக்கு அனுப்பிக் குழாய்களைப் பார்வையிடச் செய்து, கடைக்காரருக்கு ஆலோசனை வழங்குவது அவர்களுக்கும் ஒரு பயிற்சியாகும். வியாபார அனுமதிப் பத்திரம் வழங்கும் உள்ளூராட்சி சபைகள், "காற்றுக்கு எந்தக் குழாய்?" என்ற ஒரே ஒரு கேள்வியைத் தமது படிவத்தில் சேர்க்கலாம். இரும்புக் கடை நடத்துவோர், குழாய் வாங்க வருபவரிடம் "நீருக்கா, காற்றுக்கா?" என வினவினால் அதுவே பேருதவி.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுப்பு கடையின் பாஸிடமே உள்ளது. அவர் அண்ணனாயினும் நானாவாயினும், தொழில் பழகவென ஒரு தாய் தன் பிள்ளையை அவரது கையில் ஒப்படைக்கிறாள். இஸ்லாமியச் சகோதரர்கள் இதனை அமானிதம் என்பர். இடம்பெயர்ந்து, அனைத்தையும் இழந்து, மீளத் திரும்பிவந்து, தமிழரும் முஸ்லிம்களும் தத்தமது கைத்திறனால் இந்தக் கடைகளைக் கட்டியெழுப்பியிருக்கின்றனர். அவ்வாறு கட்டியெழுப்பியவர்களுக்குச் சில அடி இரும்புக் குழாய் இயலாத காரியமல்ல. நாளை காலை கடையைத் திறந்ததும், காற்றமுக்கியின் ஆளியை அழுத்துவதற்கு முன்னர், சுவரில் ஓடும் குழாயை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள்.